மாசு நீக்கும் ஒளிக்கண்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த தொன்மையான ஊர் விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். இந்நாளில் அவ்வூர் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்று விளங்குகிறது. பீங்கான் கலத்தின் நலத்தை அறிய விரும்புவோர் அதனை விரலால் தட்டிப் பார்ப்பர். கணீரென ஒலிப்பது நற்கலம். மழுங்கிய ஓசை தருவது விரிசலுற்ற கலம். கலத்தின் குற்றத்தைச் செவியே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அவ்வூரைச் சூழ்ந்த நிலங்களில் விளையும் நிலக்கடலையின் குற்றத்தையோ இவ்வளவு எளிதாக அறிய இயலாது. மணிலாக்கொட்டை என்னும் பெயர் மருவி, அப்பகுதி மக்களின் நாவில் ‘மல்லாட்டை’ என வழங்குகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் விருத்தாசலத்தில் இருந்து, ‘வி.ஆர்.ஐ.’ என்னும் பெயர் தாங்கிய நிலக்கடலை வகைகளை உழவர்க்கு அளித்துள்ளது. அறுவடைக் காலத்தில் அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்குக் கடலை மூட்டைகள் வந்து குவியும். இத்துணைப் பயனுடைய பயிர்க்கும் ஒரு பகை உண்டு. அப்பகை பூஞ்சணம் ஆகும்.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில், பண்ணைகளில் வளர்ந்த வான்கோழிகள் ஒரு லட்சத்திற்கு மேல் மடிந்தன. நோய் யாதென்று அறியாது அறிஞர் திகைத்தனர். பின்னர் ஆராய்ந்தபோது, அவற்றிற்குத் தீனியாக இட்ட கடலைப் பிண்ணாக்கே காரணம் எனத் தெரிந்தது. அப்பிண்ணாக்கில் ‘ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ என்னும் பூஞ்சணம் ஒருவகை நஞ்சைச் சுரந்திருந்தது. அந்நஞ்சிற்கு அறிஞர் ‘அஃபிளடாக்சின்’ எனப் பெயரிட்டனர். அது கல்லீரலைக் கெடுப்பது. நெடுநாள் உட்கொள்வோர்க்குப் புற்றுநோயையும் விளைவிப்பது. 1974-ஆம் ஆண்டில் இராசத்தான், குசராத்து மாநிலங்களின் சில சிற்றூர்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த மக்காச்சோளத்தை உண்டவருள் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சமையல் தீயின் வெப்பத்தால் இந்நஞ்சு முற்றும் அழிவதில்லை. ஆதலின், வறுத்தாலும் அவித்தாலும் தீங்கு நீங்கிவிடும் என எண்ணுதல் தவறு.

ஒரு மூட்டைக் கடலையில் எல்லாப் பருப்புகளிலும் இந்நஞ்சு பரவியிருப்பதில்லை. பெரும்பாலான பருப்புகள் தூயனவாகவே இருக்கும். மிகச் சில பருப்புகளில் மட்டும் நஞ்சு திரண்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம், நேரே உண்ணுதற்குரிய கடலையில் கிலோ ஒன்றுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருத்தலாகாது என வரையறுத்துள்ளது. அஃதாவது, நூறு கோடிப் பங்கில் நான்கு பங்கே இருக்கலாம். நஞ்சு மிகுந்த ஒரே பருப்பு, பல கிலோ நற்பருப்புடன் கலந்தால், அவை அனைத்தையும் இவ்வளவைக் கடக்கச் செய்துவிடும். ஆதலால், மூட்டை மூட்டையாகப் பார்த்தல் போதாது; பருப்புப் பருப்பாகப் பார்த்து விலக்குதல் வேண்டும்.

முற்காலத்தில் இவ்வேலையை மகளிர் செய்துவந்தனர். முறத்தில் புடைத்துப் பதரை நீக்குவர்; பின்பு சொத்தையையும் கறுத்ததையும் சுருங்கியதையும் கையாற் பொறுக்கி எடுப்பர். அவர்தம் கண்ணின் கூர்மை வியத்தற்குரியது. எனினும், நாள் முழுதும் நோக்கும் கண் சோர்வடைதல் இயல்பு. டன் கணக்கான பருப்பைக் கையால் ஆய்ந்து முடிப்பதும் அரிது. இக்குறையை நீக்கத் தோன்றியதே ஒளியால் பிரிக்கும் பொறி. வணிகர் இதனைக் ‘கலர் சார்ட்டர்’ என்பர். அரிசி மூட்டைகளின்மேல் காணப்படும் ‘சார்டெக்ஸ்’ என்னும் சொல்லும் இத்தகைய பொறியைச் செய்த இலண்டன் நிறுவனம் ஒன்றின் பெயரால் வந்ததே.

இப்பொறி இயங்கும் முறை வருமாறு: கல்லும் மண்ணும் நீக்கிய பருப்பு, முதலில் பொறியின் உச்சியிலுள்ள பெட்டியில் கொட்டப்பெறும். அங்கிருந்து அதிரும் தட்டொன்று அதனைச் சீராகத் தள்ளும். பருப்புகள் சரிவான வாய்க்கால்களின் வழியே, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் வழுக்கி வந்து, கீழே விழும். விழும் வழியில் விளக்குகள் அவற்றின்மேல் ஒளியைப் பாய்ச்சும். முன்னும் பின்னும் அமைந்த நிழற்படக் கருவிகள், ஒவ்வொரு பருப்பும் திருப்பி அனுப்பும் ஒளியை அளக்கும். நல்ல பருப்பின் நிறம் இன்னதெனக் கணிப்பொறிக்கு முன்னரே பயிற்றப்பட்டிருக்கும். அதனின் வேறுபட்ட பருப்பு ஒன்று தோன்றினால், விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திற்குள் ஒரு சிறு குழாயின் வாய் திறக்கும். அழுத்திய காற்று அதிலிருந்து பீறிட்டு, அந்தப் பருப்பை மட்டும் வேறு வழியில் தள்ளிவிடும். நற்பருப்பு தன் போக்கில் விழுந்து ஒருபுறம் சேரும்.

கடலைப் பருப்பின் செந்தோல் குற்றத்தை மறைக்கக்கூடும். அதனால், சில ஆலைகளில் பருப்பை இளஞ்சூட்டில் வறுத்துத் தோலை உரித்த பின்னரே பொறியில் இடுகின்றனர். தோல் நீங்கிய வெண்மையின் நடுவே, பூஞ்சணம் பற்றிய பருப்பின் பழுப்பு நிறம் தெளிவாகத் தெரியும். நிறத்தில் ஒத்திருக்கும் கல்லையும் ஓட்டையும் வேறுபடுத்தி அறிய, மனிதர் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரையும் பயன்படுத்துவர். மேலைநாடுகளில் நறுக்கிய கீரைகளைப் பையில் அடைத்து விற்கும் ஆலைகளிலும் இத்தகைய பொறிகள் உள்ளன. அங்கே லேசர் ஒளி பட்டதும் இலையிலுள்ள பச்சையம் தனியே ஒளிரும். பூச்சியும் நெகிழித் துண்டும் அவ்வாறு ஒளிரா. அவ்வேறுபாட்டைக் கொண்டு பொறி அவற்றை விலக்கும்.

இத்துணை நுட்பம் வாய்ந்த பொறிக்கும் எல்லை உண்டு. அது காண்பது நஞ்சை அன்று. நஞ்சுக்கு அறிகுறியான நிறக்கேட்டையே காண்கிறது. புற ஊதாக் கதிரில் இந்நஞ்சு நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். அந்நிறங்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டே அதன் வகைகளைப் ‘பி’ என்றும் ‘ஜி’ என்றும் வழங்குகின்றனர். ஆயினும், பருப்பின் இரு பிளவுகளுக்கிடையே ஒளிந்து வளர்ந்த பூஞ்சணம் புறத்தே தெரியாமற் போவதுண்டு. ஆகவே, பிரித்த பருப்பிலும் மாதிரி எடுத்து அரைத்து, ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

விலக்கிய பருப்பு எங்குச் செல்கிறது என்பதும் எண்ணத்தக்கது. அது மலிந்த விலைக்கு விற்கப்பட்டுச் செக்குக்குச் செல்லுமாயின், நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். அப்பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலில் நஞ்சு சற்றே உருமாறி வெளிப்படும். அப்பாலைப் பருகுவோருள் பச்சிளங் குழந்தைகளும் உண்டு. பொறி ஒருபுறம் விலக்கியதை மனிதன் மறுபுறம் உணவில் சேர்ப்பானாயின், அப்பொறியால் விளைந்த பயன் யாது? விலக்கியது மக்கள் உணவிற்கும் கால்நடைத் தீனிக்கும் வாராமற் காத்தல் ஆலையாளரின் கடமையாகும்.

இக்காவலின் தொடக்கம் வயலிலேயே உள்ளது. கதிர் முற்றும் பருவத்தில் பயிர் வறட்சியுற்றால் பூஞ்சணம் எளிதில் புகுவதுபோலவே, காய் முற்றும் பருவத்தில் கடலை நீரின்றி வாடினாலும் அது புகும். மண்வெட்டி பட்டு வெடித்த காயிலும் அது புகும். பறித்த செடிகளைக் காய் மேல்நோக்கக் கவிழ்த்துக் காயவைத்தலும், ஆய்ந்த காய்களைத் தார்ப்பாயில் பரப்பி, ஈரம் நூற்றுக்கு 8 பங்கிற்கு மிகாதவாறு உலர்த்துதலும் நன்று. தோல் உடைக்கும்போது பருப்பு நொறுங்காதிருக்கக் காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அஃது உலர்த்திய பயனைக் கெடுப்பதாகும்.

உழவர் நன்கு உலர்த்தவும், வணிகர் ஈரம் படாது காக்கவும், ஆலையாளர் பிரித்து ஆய்ந்து விற்கவும் வேண்டும். இவர்களுள் ஒருவர் தவறினும் மற்றவர் உழைப்பு வீணாகும். ஒளிக்கண் படைத்த பொறி இம்மூவர்க்கும் துணையே அன்றி, இவர்கள் செய்ய வேண்டிய கடமைக்கு மாற்று ஆகாது.