தாய் மட்டும் மனம் மாறினால் போதாது

பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு, அதாவது சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கம், என்றதும் பலரும் கேட்பது, “பெற்ற தாயே இதற்குச் சம்மதிப்பாளா?” என்பதுதான். சம்மதிப்பது என்ன, பல வீடுகளில் ஏற்பாடு செய்வதே அவளோ பாட்டியோதான். யுனிசெஃப் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, இதற்கு ஆளாகி இன்று வாழ்ந்துகொண்டிருக்கும் பெண்கள் 23 கோடிக்கும் மேல். அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது: இவ்வழக்கம் உள்ள ஆப்பிரிக்க, மத்திய கிழக்கு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இது வேண்டாம் என்கிறார்கள். பிறகு ஏன் தொடர்கிறது?

உடலுக்கு என்ன ஆகிறது?

இதனால் உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை. அறுத்த உடனே ரத்தப்போக்கு, சீழ், சிறுநீர் அடைப்பு. பின்னாளில் மாதவிடாயிலும் தாம்பத்தியத்திலும் வலி. ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. சிதைப்பு கடுமையாக இருந்தவர்களுக்கு சிசேரியனும், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கும், குழந்தை இறப்பும் கூடுதலாக இருந்தன.

வேண்டாம் என்பவளும் செய்வது ஏன்?

‘என் மகளை மட்டும் விட்டுவிட்டால் அவளை யார் கட்டுவார்கள்?’ இந்தப் பயம்தான். ஆண்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று பெண்கள் நினைக்கிறார்கள். கினியாவிலும் சியரா லியோனிலும் கேட்டுப் பார்த்தபோதோ, நிறுத்தலாம் என்ற ஆண்களின் விகிதம் பெண்களின் விகிதத்தைவிட அதிகம். ஒரே வீட்டில் இருந்தும் பல கணவன் மனைவியர் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை!

செனகல் காட்டிய வழி

1997 ஜூலையில் செனகலின் மாலிகுண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள், தொஸ்தான் என்ற அமைப்பு நடத்திய வகுப்புகளில் உடல்நலம் பற்றிப் படித்தபின், இனிமேல் அறுப்பதில்லை என்று ஊரறிய அறிவித்தார்கள். அக்கம்பக்கத்தில் ஏச்சும் பேச்சும் கிளம்பின. வேறொரு கிராமத்து இமாமான டெம்பா டியாவாராவுக்கும் முதலில் உடன்பாடில்லை. விசாரித்து மனம் மாறியவர், நடைமுறை ஞானம் ஒன்றைச் சொன்னார்: பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து விட்டால்தான் விட முடியும். ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் 13 கிராமங்கள் ஒன்றாக அறிவித்தன. இதைத் தடைசெய்யும் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. என்னைக் கேட்டால், எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியைவிடவும் அந்த நடைக்குத்தான் பலன் அதிகம்.

டாக்டர் செய்தால் சரியா?

எகிப்தில் 2008-இலேயே இது குற்றமாகிவிட்டது. ஆனாலும் அங்கே பெரும்பாலும் மருத்துவப் பணியாளர்களே செய்கிறார்கள். ‘சுத்தமாகச் செய்கிறார்கள்’ என்ற எண்ணம் தாய்மாரின் தயக்கத்தைக் குறைத்துவிடுகிறது. கத்தி சுத்தமாக இருப்பதால் இழந்தது திரும்பிவிடாது.

நமக்கும் இது தூரத்துச் சங்கதியல்ல. இலங்கை முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் பெண் குழந்தை பிறந்து 40 நாள் வாக்கில் இதைச் செய்ய ‘ஒஸ்தா மாமி’ வீட்டுக்கு வருவார். மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2018-இல் சுற்றறிக்கை அனுப்பியது. இந்தியாவில் இவ்வழக்கம் உள்ள தாவூதி போரா முஸ்லிம் சமூகத்துப் பெண்கள் சிலரே இதற்கு எதிராகக் குரல் கொடுத்துவருகிறார்கள்.

சிறுவயதில் இதற்கு ஆளானவர்கள் வலியோ சிறுநீர்த் தொல்லையோ இருந்தால் மகளிர் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் பிரசவம் வரை காத்திருக்க வேண்டாம். பிறப்புறுப்பு தைத்து மூடப்பட்டிருந்தால் அதைப் பிரசவத்துக்கு முன்பே திறந்துவிட முடியும்.