உங்களுக்குத் தெரியுமா? கட்சி அலுவலகத்தில் பங்குச்சந்தை!

● போலந்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகமாக இருந்த கட்டடத்தில்தான் 1991 ஏப்ரல் 16 அன்று வார்சா பங்குச்சந்தை தொடங்கியது. பட்டியலில் இருந்தவை 5 நிறுவனங்கள். வாரத்துக்கு ஒரே நாள் வணிகம். ஆனால் கதவு திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே பங்கு வணிகத்துக்கான சட்டம் நிறைவேறிவிட்டது. கண்காணிப்பு ஆணையத்துக்கும் அதிலேயே வழி செய்திருந்தார்கள்.

● செக் நாட்டில் இந்த வரிசை தலைகீழ். அரசு ஆலைகளின் பங்குகளைப் பொதுமக்களுக்கே கொடுக்கச் சுமார் 1,000 கொருனா விலையில் வவுச்சர் புத்தகம் விற்றார்கள். அப்போது ஒன்றாக இருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் 85 லட்சம் பேர் வாங்கினார்கள். அருமையான எண்ணம். பிராக் சந்தையில் 1993-ல் வணிகமும் ஆரம்பமானது. கண்காணிக்கும் ஆணையமோ 1998-ல்தான் வந்தது. அதற்குள் நிர்வாகத்தில் இருந்த பலர் நிறுவனத்தின் சொத்துகளைத் தங்களுடைய வேறு கம்பெனிகளுக்குக் கடத்திவிட்டு, வெறும் கூட்டைப் பங்குதாரர்களிடம் விட்டார்கள். செக் மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘துனெலோவானி’, அதாவது சுரங்கம் தோண்டுவது. உலகப் பொருளியலாளர்கள் இன்றும் இந்த மோசடியை அந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

● ரஷ்யா 1992 ஜனவரி 2 அன்று விலைக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அந்த ஒரே ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்கானது. ஆயுள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த முதியவர்களின் சேமிப்பு கரைந்துபோனது. 1995-ல் அரசு வாங்கிய கடனுக்கு ஈடாக எண்ணெய், உலோக நிறுவனங்களின் பங்குகள் ஏலங்கள் வழியாக ஒருசில வங்கி முதலாளிகளிடம் போயின. அந்த ஏலங்களை நியாயமானவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

● அல்பேனியாவில் வீட்டையும் கால்நடையையும் விற்று ‘பணம் பெருக்கும்’ நிறுவனங்களில் போட்டார்கள். 1997-ல் அவை சரிந்தபோது கலவரம் வெடித்தது. ஏறக்குறைய 2,000 உயிர்கள் போயின.

● எஸ்டோனியா 1992 ஜூனில் ‘க்ரோன்’ என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டது. 8 க்ரோனுக்கு 1 ஜெர்மன் மார்க். கையிருப்புக்கு மேல் நோட்டு அச்சடிக்க மத்திய வங்கிக்கே உரிமை இருக்கவில்லை. அந்தக் கையிருப்பின் அடித்தளம் எது தெரியுமா? 1940-ல் சோவியத் ஆக்கிரமிப்புக்கு முன் பிரிட்டன் முதலிய நாடுகளில் வைத்திருந்து, அரை நூற்றாண்டுக்குப் பின் திரும்பி வந்த தங்கம்! அந்த ஆண்டு பிரதமரான மார்ட் லாருக்கு வயது 32.

● லஞ்சத்துக்குப் பேர்போன போக்குவரத்துக் காவல் பிரிவை முன்னாள் சோவியத் நாடான ஜார்ஜியா அடியோடு கலைத்தது. புதிய காவலர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்தது. காவல் நிலையங்களுக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தது.

● உலக நிதி நெருக்கடியால் 2009-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரமே சரிந்தது. அந்த ஆண்டு பொருளாதாரம் வளர்ந்த ஒரே உறுப்பு நாடு போலந்து.