கணினி திறக்காமல் 48 இலக்கக் குறியீடு கேட்கிறதா? செய்ய வேண்டியது என்ன?

விண்டோஸ் கணினியை இயக்கியதும் ‘பிட்லாக்கர்’ மீட்புக் குறியீடு கேட்கப்பட்டால், வன்தட்டு பழுதாகிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. வன்தட்டில் உள்ள தரவுகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் பாதுகாப்பு அம்சமே பிட்லாக்கர். அந்தப் பூட்டைத் திறக்கும் பணியை கணினியில் உள்ள டிபிஎம் சிப் செய்கிறது. பயாஸ் புதுப்பிப்பு, மதர்போர்டு மாற்றம் போன்றவற்றுக்குப் பின்னர், பாதுகாப்புக் கருதி சிப் திறக்க மறுக்கக்கூடும்.

அப்போது பென்டிரைவ் போன்றவற்றை அகற்றிவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். பிறகும் குறியீடு கேட்டால், செல்போன் வழியாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, திரையில் தோன்றும் அடையாள எண்ணுக்குரிய 48 இலக்கக் குறியீட்டைக் கண்டறிந்து உள்ளிட வேண்டும். அலுவலகக் கணினி எனில், அங்குள்ள தகவல் தொழில்நுட்பப் பிரிவை அணுகலாம்.

தொலைந்த குறியீட்டை மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தாலும் உருவாக்கித் தர இயலாது. அந்நிலையில் கணினியை ரீசெட் செய்வதே வழி. கோப்புகள் அனைத்தும் அழிந்துவிடும். எனவே குறியீட்டை முன்கூட்டியே அச்சிட்டு வைப்பது அவசியம்.