பாசி மேயும் ஏஞ்சல்

பெங்களூரில் எந்த மீன் கடையிலும் ஏஞ்சல் கேட்டால், கறுப்புக் கோடு போட்ட தட்டையான மீன் ஒன்றைப் பிடித்துத் தருவார்கள். அது அமேசான் ஆற்று மீன். கடல் ஏஞ்சலுக்கும் அதற்கும் உறவில்லை. கடல் ஏஞ்சலின் கன்னத்தில், செவுள் மூடியை ஒட்டி, பின்னோக்கி நீண்ட கூரிய முள் இருக்கும். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வண்ணத்துப்பூச்சி மீனுக்கு அந்த முள் கிடையாது.

கடல் ஏஞ்சல் குடும்பத்தில் ஏறத்தாழ 90 இனங்கள் உண்டு. மன்னார் வளைகுடாவிலும் உள்ள பேரரச ஏஞ்சல் ஒரு முழத்தை நெருங்கும். நம் கதாநாயகன் குள்ளன்: இலங்கை, மாலத்தீவுக் கடல்களின் மஞ்சள் துடுப்பு ஏஞ்சல். வளர்ந்தாலும் 10 செ.மீ. தாண்டாது. கருநீல உடம்பு, பக்கத் துடுப்பு மட்டும் பளிச்சென்ற மஞ்சள். 1977இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது.

பவளப்பாறை என்றதும் நினைவுக்கு வரும் வண்ணக் காடு இதன் வீடல்ல. உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளின் மேல் படியும் மெல்லிய பாசியை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். ஆபத்து வந்தால் பக்கத்துப் பொந்துக்குள் பாயும். வெளிறிச் செத்த பவளத்தில் பாசி பெருகுமே, இதற்கு நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பவளக் கூடும் நொறுங்கி மணலானால் ஒளிய இடமிருக்காது.

குள்ள ஏஞ்சல்களின் குடும்ப வழக்கம் விசித்திரமானது. ஓர் ஆண், சில பெண்கள். ஆண் செத்தால் பெரிய பெண் சில வாரங்களில் ஆணாகிவிடும். அந்தி சாயும்போது இணை மேலெழுந்து முட்டையிடும். முட்டைகள் நீரோட்டத்தோடு போய்விடும். குஞ்சின் வாய் மிகச் சிறியது என்பதால் தொட்டியில் வளர்ப்பது பெரும்பாடு. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவையே.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே கடல் நீர் என்றால், வடிகட்டிய தண்ணீரில் கலக்கிய உப்புதான். உப்பையும் சூட்டையும் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். பாசியை அப்படி வரவழைக்க முடியாது, மாதக்கணக்காகும். புதுத் தொட்டியின் துடைத்துவைத்த கற்கள் நமக்கு அழகு, இந்த மீனுக்குப் பட்டினி. ஆகவே பழகிய தொட்டி இல்லாதவர் இதை வாங்காமலிருப்பது மேல். இருப்பவர், கடைக்காரரை இரை போடச் சொல்லி, மீன் கண்முன்னே தின்கிறதா என்று பார்த்த பிறகே காசை எடுக்கலாம்.