காலந்தோறும் எடுக்கப்படும் கணக்கெடுப்புகளை ஒப்பிடுதல்: சோதனைத் தேர்வு

ஒரே கேள்வியை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலங்களில் கேட்கும்போது விடைகள் வேறுபடுவது இயல்பு. அந்த வேறுபாடு மக்களிடம் ஏற்பட்ட உண்மையான மாற்றமா, மாதிரியில் யார் யார் இடம்பெற்றார்கள் என்பதால் தற்செயலாக வந்ததா என்பதை முடிவுசெய்ய உதவுவது மிகைகாண் சோதனை ஆகும். எந்தச் சோதனை பொருந்தும் என்பது பின்வரும் மூன்றைப் பொறுத்தது.

1. இரு காலங்களிலும் விடையளித்தவர்கள் ஒரே ஆட்களா, வெவ்வேறு ஆட்களா?
2. விடை எந்த வகை: ஆம்/இல்லை, தரவரிசை, எண்?
3. எத்தனை காலங்கள் ஒப்பிடப்படுகின்றன?

இவற்றுள் முதல் கேள்வியே முதன்மையானது. அதில் தவறினால் பிற்பாடு செய்யும் கணக்கு சரியாக இருந்தாலும் முடிவு தவறாகலாம்.

கணக்கெடுப்பின் வகைகள்

ஒவ்வொரு முறையும் புதிய மாதிரியைத் தேர்ந்தெடுப்பது ஒரு வகை. 1992-93 முதல் நடைபெறும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இவ்வகையைச் சேர்ந்தது. இதில் ஒரு சுற்றில் பேட்டி காணப்பட்ட பெண்களைத் தேடிப்பிடித்து அடுத்த சுற்றில் கேட்பதில்லை. எனவே இரு சுற்றுகளும் சார்பற்ற மாதிரிகள் ஆகும்.

அதே ஆட்களிடம் மீண்டும் செல்வது இரண்டாம் வகை. இந்திய மனிதவள மேம்பாட்டுக் கணக்கெடுப்பு 2004-05இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்து, அவற்றுள் பெரும்பாலானவற்றை 2011-12இல் மீண்டும் சந்தித்தது. இவ்வகைத் தரவில் ஒவ்வொரு குடும்பத்தின் முந்தைய விடையையும் பிந்தைய விடையையும் இணைக்க முடியும். இவை இணைந்த மாதிரிகள் எனப்படும்.

எடுத்துக்காட்டு: நொச்சிக்குப்பம் மீன் சந்தை

சென்னை மெரினா லூப் சாலையை ஒட்டியுள்ள மீனவர் குடியிருப்பு நொச்சிக்குப்பம். சாலையோரம் மீன் விற்றவர்களுக்காக இங்கு 366 கடைகள் கொண்ட நவீன மீன் சந்தை 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சந்தைக்கு மாறியதால் விற்பவர்களுக்கு நன்மையா என்று ஒரு மாணவர் குழு அறிய விரும்புவதாகக் கொள்வோம். அவர்கள் 100 விற்பனையாளர்களிடம் சந்தைக்கு முன்னும் பின்னும் "இந்த வியாபாரத்தில் குடும்பச் செலவுக்குப் போதிய வருமானம் கிடைக்கிறதா?" என்று கேட்கிறார்கள். கீழுள்ள எண்கள் விளக்கத்திற்கான கற்பனை எண்களே.

- இரு முறையும் "ஆம்": 39 பேர்
- முன்பு "ஆம்", பின்பு "இல்லை": 6 பேர்
- முன்பு "இல்லை", பின்பு "ஆம்": 18 பேர்
- இரு முறையும் "இல்லை": 37 பேர்

அதாவது "ஆம்" என்றவர்கள் 45இலிருந்து 57 ஆக உயர்ந்துள்ளனர். இவற்றை இரு வேறு குழுக்களாகக் கருதி, கார்ல் பியர்சன் 1900இல் வகுத்த கை-வர்க்கச் சோதனையைச் செய்தால் மதிப்பு ஏறத்தாழ 2.88 வரும். 5 விழுக்காடு மிகைகாண் நிலைக்குத் தேவையான 3.84ஐ இது எட்டவில்லை. எனவே "மாற்றம் உறுதியாகவில்லை" என்று குழு எழுதிவிடும்.

ஆனால் இவர்கள் ஒரே 100 பேர். இந்நிலைக்குரியது குவின் மெக்னெமர் 1947இல் வெளியிட்ட சோதனை ஆகும். இது விடையை மாற்றிக்கொண்டவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மாற்றம் தற்செயல் என்றால் மாறிய 24 பேரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்க வேண்டும். கணக்கு: (18 − 6)² ÷ (18 + 6) = 144 ÷ 24 = 6.0. இது 3.84ஐவிட அதிகம் என்பதால் மாற்றம் தற்செயலானது அன்று என்ற முடிவு கிடைக்கிறது. தரவு ஒன்றே; சோதனை மாறியதும் முடிவு தலைகீழாகிறது.

இதற்கு ஒரு முன்னேற்பாடு தேவை. முதல் சுற்றிலேயே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணை இரண்டாம் சுற்றிலும் பதிய வேண்டும். எண் இல்லாமல் தாள்கள் கலந்துவிட்டால் மேற்கண்ட 18, 6 என்ற எண்களைப் பெற வழியில்லை. இரண்டாம் சுற்றில் கிடைக்காமல் போனவர்களையும் கவனிக்க வேண்டும். நட்டப்பட்டுத் தொழிலை விட்டவர்கள் விடுபட்டால், மீதியுள்ளவர்களின் நிலை மேம்பட்டதுபோல் தோன்றும்.

பொருத்தமான சோதனைகள்

வெவ்வேறு ஆட்கள், இரு காலங்கள்:
- ஆம்/இல்லை விடை: இரு விகிதங்களுக்கான சோதனை அல்லது கை-வர்க்கச் சோதனை
- தரவரிசை விடை: மான்-விட்னி சோதனை
- எண் விடை: சார்பற்ற மாதிரிகளுக்கான டி-சோதனை

அதே ஆட்கள், இரு காலங்கள்:
- ஆம்/இல்லை விடை: மெக்னெமர் சோதனை
- தரவரிசை விடை: வில்காக்சன் குறியிட்ட தரச் சோதனை
- எண் விடை: இணை டி-சோதனை

அதே ஆட்களிடம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட காலங்களில் கேட்டிருந்தால் ஆம்/இல்லை விடைக்குக் காக்ரன் கியூ சோதனையும், தரவரிசைக்கு ஃபிரீட்மன் சோதனையும் பயன்படும். ஒவ்வோர் இரண்டு காலத்தையும் தனித்தனியே சோதித்துக்கொண்டே போனால், ஏதேனும் ஒன்று தற்செயலாகவே "மாற்றம்" என்று காட்டும் வாய்ப்பு கூடிவிடும்.

பெரிய கணக்கெடுப்புகளில் வடிவமைப்பு விளைவு

தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் நான்காம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2015-16) 55.0 விழுக்காடு, ஐந்தாம் கணக்கெடுப்பில் (2019-21) 53.4 விழுக்காடு. இது குறைவுதானா?

எளிமைக்காக ஒவ்வொரு சுற்றிலும் 25,000 பெண்கள் எனக் கொள்வோம். எளிய வாய்ப்பு மாதிரி என்றால் வேறுபாட்டின் திட்டப்பிழை 0.45 விழுக்காட்டுப் புள்ளி. சோதனை மதிப்பு சுமார் 3.6. தேவையான 1.96ஐ இது எளிதில் தாண்டுகிறது. ஆனால் இக்கணக்கெடுப்பில் முதலில் ஊர்களையும் நகரப் பகுதிகளையும் தேர்ந்தெடுத்து, பின்னர் அவற்றிலுள்ள வீடுகளுக்குச் செல்கின்றனர். பக்கத்து வீடுகளின் உணவும் வாழ்நிலையும் ஒத்திருப்பதால், 25,000 பேர் தரும் தகவல் அத்தனை தனித்தனி ஆட்கள் தரும் தகவலுக்கு ஈடாகாது. இந்த இழப்பை அளப்பதே வடிவமைப்பு விளைவு. அது 2 என்றால் சோதனை மதிப்பு 2.5 ஆகவும், 4 என்றால் 1.8 ஆகவும் குறையும். பிந்தைய நிலையில் குறைவு உறுதியானது என்று சொல்ல இயலாது. எனவே இத்தகைய தரவில் மாதிரி எடைகளையும் கொத்து அமைப்பையும் கணக்கில் கொள்ளும் முறைகளையே கையாள வேண்டும்.

சோதனையால் சரிசெய்ய முடியாதவை

காலம்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. அப்போது வரத்து குறைந்து மீன் விலை ஏறும். முதல் சுற்றை ஜனவரியிலும் அடுத்ததை மே மாதத்திலும் நடத்தினால், தடைக்காலத்தின் விளைவு சந்தையின் விளைவாகத் தோன்றும். இரண்டையும் ஒரே மாதத்தில் நடத்துவதே முறை.

கேள்வியும் அளவீடும்: "போதிய வருமானம்" என்பதை அடுத்த முறை "நல்ல வருமானம்" என்று மாற்றிக் கேட்டால் ஒப்பீடு செல்லாது. விரல்நுனி இரத்தத்தில் அளந்ததையும் நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் அளந்ததையும் நேரடியாக ஒப்பிடுவதும் இத்தகையதே.

காரணம்: மாற்றம் உண்டு என்று சோதனை சொல்லலாம், அது சந்தையால்தான் வந்தது என்று சொல்லாது. அதற்கு, சந்தைக்கு மாறாத வேறொரு குப்பத்து விற்பனையாளர்களிடமும் அதே இரு காலங்களில் கேட்டு, இரு இடங்களின் மாற்றங்களையும் ஒப்பிட வேண்டும்.

முடிவை எழுதும்போது "மாற்றம் உண்டு/இல்லை" என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு மாற்றம் என்பதையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்துத் தருவது நல்லது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 12 பேர் கூடியது எவ்வளவு முக்கியமோ, நிலை தாழ்ந்த 6 பேர் யார் என்பதும் அவ்வளவு முக்கியம். மொத்த விழுக்காட்டை மட்டும் பார்த்தால் அவர்கள் தெரிய மாட்டார்கள்.