பாம்புகள் சூழ்ந்த பாதுகாவலர்

கொடியேற்றம், நவநாள், திருப்பலி, சப்பரப் பவனி ஆகியவை நம் பங்குத் திருவிழாக்களில் நாம் நன்கு அறிந்தவையே. ஆனால், புனிதரின் சுரூபத்திற்கு உயிருள்ள பாம்புகளைச் சூட்டிப் பவனியாக எடுத்துவரும் கத்தோலிக்கச் சிற்றூர் ஒன்று உண்டென்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? இத்தாலி நாட்டின் அப்ருஸ்ஸோ மலைப்பகுதியில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த கொக்குல்லோ என்னும் ஊரே அது.

இவ்வூரின் பாதுகாவலர் சோரா நகர்ப் புனித தோமினிக். நாம் புனித சாமிநாதர் என்றழைக்கும் போதகர் சபை நிறுவனர் வேறு. இவர் அவருக்கு இரு நூற்றாண்டுகள் முற்பட்டவர். 951-இல் ஃபொலிஞ்ஞோவில் பிறந்து, புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானார். மலைகளிலும் குகைகளிலும் தவம் செய்தார். பல மடங்களை நிறுவினார். 1031-ஆம் ஆண்டு சனவரி 22-இல் சோராவில் உயிர் நீத்தார். தம் பல் ஒன்றையும், தாம் ஏறிவந்த கோவேறு கழுதையின் இலாடத்தையும் அவர் கொக்குல்லோ மக்களுக்கு விட்டுச் சென்றார் என்பது மரபு. அவை இன்றும் அங்கே திருப்பண்டங்களாகப் போற்றப்படுகின்றன. பல்வலி, பாம்புக்கடி, வெறிநாய்க்கடி ஆகியவற்றிலிருந்து காப்பவர் என்று மலைவாழ் மக்கள் அவரை நம்பி வந்துள்ளனர். மருத்துவர் எட்டாத ஊர்களில், ஆடு மேய்த்தும் நிலத்தை உழுதும் வாழ்ந்தவர்களுக்கு இவை மூன்றும் அன்றாட அச்சங்களாக இருந்தன.

திருவிழா நாள்

முன்பு மே மாதத்தின் முதல் வியாழனன்று நடைபெற்ற இவ்விழா, 2012 முதல் மே 1-ஆம் நாள் கொண்டாடப்படுகிறது. தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவும் அன்றே. பனி உருகும் மார்ச்சு மாதத்திலேயே ஊரார் சிலர் மலைச்சரிவுகளில் பாம்புகளைத் தேடத் தொடங்குவர். இவர்களுக்குச் ‘செர்பாரி’ என்று பெயர். தந்தையிடமிருந்து மகன் கற்கும் கலை இது. பிடிக்கப்படுபவை யாவும் நஞ்சற்றவை. அவற்றுள் ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும் நான்கு வரிப் பாம்பும் உண்டு.

விழாவன்று காலையில் திருப்பயணிகள் கோயிலில் ஒரு விந்தையான நேர்ச்சையை நிறைவேற்றுவர். சிறு மணியொன்றின் சங்கிலியைப் பல்லால் கடித்து இழுத்து அதனை ஒலிக்கச் செய்வர். பல்வலி அணுகாதிருக்க வேண்டுவர். புனிதரின் பீடத்திற்குப் பின்னுள்ள மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்று தங்கள் நிலங்களில் தூவுவர். திருப்பலி முடிந்து, நண்பகலில் சுரூபம் கோயில் வாயிலைக் கடந்ததும் செர்பாரிகள் அதன் தோள்களிலும் கழுத்திலும் பாம்புகளைச் சூட்டுவர். மரபுடை அணிந்த இளம் பெண்கள் வளைய வடிவ ரொட்டிகளைக் கூடையில் வைத்துத் தலைமேல் சுமந்து வருவர். குறுகிய தெருக்களில் பவனி மெல்ல நகரும். விழா முடிந்தபின், ஒவ்வொரு பாம்பும் பிடித்த இடத்திலேயே விடப்படும்.

பக்தியா, மூடநம்பிக்கையா?

கிறிஸ்து மறை பரவுமுன் இப்பகுதியில் வாழ்ந்த மார்சி இனத்தார், பாம்புகளுக்கு அதிபதியாகவும் நோய் தீர்ப்பவளாகவும் அங்கித்தியா என்னும் தெய்வத்தை வணங்கினர். அதன் எச்சமே இவ்விழா என்று கூறும் அறிஞர் பலர். பாம்பு சுரூபத்தின் கண்களை மறைத்தால் அது தீய சகுனம் என்று எண்ணும் பழக்கமும் மக்களிடையே இருந்துள்ளது. அப்படியானால் திருச்சபை இதை எவ்வாறு நோக்குவது?

பாலைவனத்தில் பாம்புக் கடியால் மக்கள் மடிந்தபோது, இறைவனின் ஆணைப்படி மோசே வெண்கலப் பாம்பை உயர்த்தினார். அதை நோக்கியோர் பிழைத்தனர். சிலுவையில் உயர்த்தப்படவிருந்த தம்மை இயேசு அதனோடு ஒப்பிட்டார். ஆயினும், பிற்காலத்தில் மக்கள் அவ்வெண்கலப் பாம்புக்கே தூபம் காட்டியபோது, எசேக்கியா அரசர் அதனை உடைத்தெறிந்தார். இறைவன் தந்த அடையாளமே இறைவனை மறைக்கத் தொடங்கிவிட்டது! ஓர் அடையாளம் எதுவரை நல்லது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

1975-இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்புப் பற்றிய மடலில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரும் இந்த இரு பக்கங்களையும் காட்டினார். மக்கள் பக்தியில் மூடநம்பிக்கை புகக்கூடும். ஆனால் நன்கு நெறிப்படுத்தப்பட்டால், எளியோரும் ஏழைகளுமே அறியக்கூடிய இறைத்தாகம் அதில் வெளிப்படும் என்றார். 2001-இல் திருவழிபாட்டுப் பேராயம் தந்த வழிகாட்டியும், அப்பக்தியைப் புறக்கணியாது நற்செய்தியின் ஒளியில் தூய்மைப்படுத்தவே அழைத்தது. சகுனம் பார்ப்பதை விட்டு, சாவையே வென்றவரைப் பற்றிக்கொண்ட புனிதரின் காலடியில் அச்சத்தை இறக்கி வைப்பதே அத்தூய்மை.

ஊரைக் காக்கும் விழா

பிழைப்புத் தேடி நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் மக்கள் சென்றுவிட்டதால், கொக்குல்லோவில் இன்று ஏறத்தாழ 200 பேரே வாழ்கின்றனர். விழா நாளிலோ பல்லாயிரவர் திரள்கின்றனர். பிரிந்து சென்ற குடும்பங்கள் மூதாதையர் வீட்டுக் கதவுகளைத் திறக்கின்றன. 2020-ஆம் ஆண்டு மே முதல் நாளில் கொள்ளைநோயால் இத்தாலியே வீட்டினுள் முடங்கியிருக்க, பவனியும் கூட்டமும் இல்லாத வெறுமையை அவ்வூர் உணர்ந்தது.

இன்னொரு நன்மையும் விளைந்துள்ளது. நான்கு வரிப் பாம்பு ஐரோப்பியச் சட்டத்தால் காக்கப்படும் உயிரினம். தனி அனுமதி பெற்றே அதனைப் பிடிக்க இயலும். ஆகவே உயிரியல் அறிஞர்கள் செர்பாரிகளுடன் சேர்ந்து, பிடிபட்ட பாம்புகளை அளந்து, நலம் ஆராய்ந்து, குறிப்பெடுக்கின்றனர். பிற இடங்களில் கண்டதும் அடித்துக் கொல்லப்படும் உயிர், இங்கே கையால் ஏந்தப்பட்டு மீண்டும் காட்டுக்கு அனுப்பப்படுகிறது. படைப்பனைத்தையும் பேணும்படி 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு விடுத்த அழைப்பை, இம்மலைவாசிகள் தம் வழியில் முன்னரே கடைப்பிடித்து வந்தனர் எனலாம்.

அன்புக் குடும்பத்தினரே, நம் பாதுகாவலரின் விழா அண்மையில் வரும்போது, வீட்டில் ஒருமுறை கூடி அமர்ந்து பேசுவோம். நாம் செலுத்தும் நேர்ச்சை இறைவனிடம் நம்மை அழைத்துச் செல்கிறதா? ஒளியலங்காரமும் வாணவேடிக்கையும் அவரை மறைத்துவிட்டனவா? பிரிந்திருக்கும் உறவினர் அன்று நம் வீட்டு வாயிலை மிதிப்பரா? இவற்றிற்கு நேர்மையாக விடை காணும் குடும்பத்தில், கொடி இறங்கிய பின்னும் திருவிழா தொடரும்.