எக்ஸ்போசிட்டோ: தாய் தகப்பன் தராத பெயர்

மாட்ரிட் நகரத்துக் குழந்தைகள் இல்லத்தின் சுவரில் ஒரு மர உருளை பொருத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். உள்ளே ஒரு கைக்குழந்தை படுக்க இடம் இருக்கும். இருட்டில் வருகிறவள் குழந்தையை அதில் கிடத்தி, உருளையைத் திருப்பி, மணியை அடித்துவிட்டுப் போய்விடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பிள்ளையை எடுத்துக்கொள்வார். அவள் முகம் இவருக்குத் தெரியாது, இவர் முகம் அவளுக்குத் தெரியாது. இந்த உருளைக்கு 'டோர்னோ' என்று பெயர். ஸ்பெயினின் பல ஊர்களில் இப்படி ஒன்று இருந்தது.

இப்படி வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த குடும்பப்பெயர்தான் எக்ஸ்போசிட்டோ. 'வெளியே வைக்கப்பட்டவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தேவாலய வாசலிலும் மருத்துவமனைப் படியிலும் கிடந்த பிள்ளைகளைக் குறித்த அடையாளச் சொல், பேரப்பிள்ளைகள் காலத்தில் வம்சத்தின் பெயராகிவிட்டது.

ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர்கள். ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. பெயரைச் சொன்னாலே இரண்டு வீடும் தெரிந்துவிடும். இரண்டு வீடும் இல்லாத குழந்தைக்கு எழுத்தர் என்ன எழுதுவார்? எல்லா ஊரிலும் எக்ஸ்போசிட்டோ என்றே எழுதவில்லை. சரகோசாவில் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட மருத்துவமனை 'கிராசியா மாதா'வின் பெயரில் இருந்ததால், அங்கே கிராசியா என்று வைத்தார்கள். கத்தலோனியாவில் வழங்கும் தெவுலொஃபேவு என்ற பெயருக்குக் 'கடவுள் உண்டாக்கியவன்' என்று பொருள். பெற்றவர் யாரென்று தெரியாத இடத்தில் கடவுளை எழுதிய கை நல்ல கை என்று எனக்குத் தோன்றுகிறது.

மாட்ரிட் இல்லம் 1572 முதல் இந்தக் குழந்தைகளை ஏற்றது. டச்சு நாட்டு என்க்ஹாய்சன் ஊரிலிருந்து ஒரு போர்வீரன் கொண்டுவந்த மாதா படம் அங்கே இருந்ததாம். அந்த ஊர்ப்பெயர் மாட்ரிட் மக்கள் வாயில் 'இன்க்ளூசா' என்று திரிந்து, கடைசியில் இல்லத்துக்கே பெயரானது என்பார்கள். ஸ்பானிஷ் காதுக்கு அது 'உள்ளே சேர்க்கப்பட்டவள்' என்று ஒலிக்கும். வெளியே வைக்கப்பட்ட பிள்ளை போய்ச் சேர்ந்த இடத்துக்கு அப்படி ஒரு பெயர். ஆனால் உள்ளே வந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவை பிழைக்கவில்லை. பால் கொடுக்கப் பெண்கள் போதவில்லை. கொடுத்த கூலியும் சொற்பம்.

பிழைத்தவர்களை அந்தப் பெயர் விடவில்லை. அதைக் கேட்டதுமே முறைகேடான பிறப்பு என்று ஊர் முடிவுகட்டியது. 1794-இல் நான்காம் கார்லோஸ் மன்னர், இந்தப் பிள்ளைகளைச் சட்டத்தின் கண்ணில் முறைப்படி பிறந்தவர்களாகவே கருத வேண்டும், அவர்களை முறைகேடாகப் பிறந்தவர்கள் என்று ஏசினால் தண்டனை என்று ஆணையிட்டார். இத்தாலியில் இதே பெயர் எஸ்போசிட்டோ என்று வழங்கும். நேப்பிள்ஸை ஆண்ட முராட், 1814-இல் அந்தப் பெயரைப் புதிதாக இடுவதையே நிறுத்தினார். ஸ்பெயினிலோ 1921-இல்தான் வேண்டாதவர்கள் அதைச் செலவில்லாமல் மாற்றிக்கொள்ளச் சட்டம் வந்தது. பெற்றோர் தெரியாத குழந்தைக்கு ஊரில் சாதாரணமாக வழங்கும் குடும்பப்பெயர்களையே இட வேண்டும் என்பது 1957-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். மன்னர் ஆணைக்கும் இதற்கும் நடுவே 163 ஆண்டுகள்.

மாற்றிக்கொள்ளாதவர்கள் ஏராளம். பாட்டனும் தகப்பனும் உழைத்து நிமிர்த்திய பெயரை ஏன் விட வேண்டும்? டாங்கோ பாடல்கள் எழுதிய அர்ஜென்டினாக் கவிஞர் ஹோமெரோவின் குடும்பப்பெயர் எக்ஸ்போசிட்டோ. 'எலீட்' என்ற ஸ்பானியத் தொடரில் நடித்த எஸ்தரின் குடும்பப்பெயரும் அதுவே. புவனோஸ் ஐரிஸில் 1780-இல் தொடங்கிய அச்சகத்துக்கே 'எக்ஸ்போசிட்டோ குழந்தைகள் அச்சகம்' என்று பெயர். அதன் வருமானம் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்குப் போனது.

இன்று தங்கள் வம்சத்தைத் தேடிக்கொண்டு போகிறவர்கள், இந்தப் பெயர் வந்ததும் அந்த உருளை இருந்த சுவரில் முட்டி நிற்கிறார்கள். அதற்கு அப்பால் கிடைப்பது இல்லத்துப் பேரேட்டின் சில வரிகள்தான்: வந்த நேரம், சுற்றியிருந்த துணி, ஞானஸ்நானம் ஆயிற்றா இல்லையா. சில குழந்தைகளோடு ஒரு சீட்டோ, ரிப்பன் துண்டோ, இரண்டாக வெட்டிய சீட்டுக்கட்டு அட்டையின் பாதியோ வந்தது. என்றாவது திரும்பி வந்தால் தன் பிள்ளையைக் காட்டித்தர இன்னொரு பாதியைத் தாய் வைத்துக்கொள்வாள். இல்லத்துக் காகிதங்களுக்கு இடையே அந்தப் பாதி அட்டைகள் இன்னும் பாதியாகவே இருக்கின்றன.